முதலாளியைப் பற்றி வெளியே சொல்வதா? எங்கே, எப்போது, எந்தப் பெயரில்?

சீசன் முடிகிற நேரத்தில் இந்தக் கேள்வி அதிகமாக வரும். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை திருகோணமலையின் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்களில் அறை கிடைக்காது. அப்புறம் வாடைக்காற்று தொடங்கியதும் அறைகள் காலியாகும், வேலையாட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். கடைசி மாதச் சேர்விஸ் சார்ஜ் (விருந்தினரின் பில்லில் சேர்த்து வாங்கி வேலையாட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம்) வந்திருக்காது. ஓவர்டைம் கணக்கு இடிக்கும். ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதிக்குப் பணம் கட்டினார்களா என்பதே தெரியாது. கையில் போன் இருக்கிறது. நாலு வரி எழுதி, ஹோட்டலின் பெயரையும் சேர்த்து ஃபேஸ்புக்கில் விட்டால் இரவுக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். விடலாமா?

ஹோட்டல்காரர்கள் மட்டும் கேட்பதில்லை. கார்மென்டில் வேலை செய்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள், மாகாண சபை அலுவலகங்களில் இருப்பவர்கள் கேட்கிறார்கள், டவுனில் துணிக்கடையில் நிற்பவர்களும் கேட்கிறார்கள். நான் பல வருடமாகச் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருந்தவன். முதலாளி பக்கத்துக் கணக்கும் தெரியும், தொழிலாளி பக்கத்துக் கணக்கும் தெரியும். அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளப் பிரச்சினை என்றால் முதலில் எழுத்தில் கேளுங்கள், அடுத்து தொழில் திணைக்களத்துக்குப் போங்கள், அதற்கும் பிறகு தேவைப்பட்டால் சொந்தப் பெயரோடு வெளியே பேசுங்கள். வேலையில் இருந்துகொண்டே கோபத்தில் ஃபேஸ்புக்கில் போடுவது மோசமான வழி. பெயரை மறைத்துப் போடுவது அதையும்விட மோசம். ஆட்களின் உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் மட்டும் இந்த வரிசை மாறும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேலையில் இருந்துகொண்டே, சொந்தப் பெயரில்

அக்காவின் மகன் ஒருவன் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரெஸ்டோரன்டில் நிற்கிறான். போன சீசன் முடிவில், போடுவதற்கு எழுதி வைத்திருந்ததைக் கொண்டுவந்து, "மாமா, இத போடட்டா?" என்று காட்டினான். தொடக்கம் இப்படி இருந்தது: "இவனுகள் எல்லாம் கள்ளனுகள். ஏழைகளுட வயித்துல அடிக்கிறானுகள்." அதற்குக் கீழே மனேஜரின் குணத்தைப் பற்றி ஐந்தாறு வரி, முதலாளி புது வாகனம் எடுத்ததைப் பற்றி இரண்டு வரி. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு வரி: "ஓகஸ்ட் மாசச் சேர்விஸ் சார்ஜ் இன்னும் தரல்ல."

அந்த ஒரு வரியைத்தான் அவனால் நிரூபிக்க முடியும். ஜூலை மாதச் சம்பளச் சிட்டையில் சேர்விஸ் சார்ஜ் என்று தனி வரி இருக்கிறது, ஓகஸ்ட் சிட்டையில் அந்த வரியே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் போதும், வேறு பேச்சு வேண்டாம். மற்றதெல்லாம் அவன் கோபம். கோபத்தில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாசிக்கிறவருக்கு முதலில் கண்ணில் படுவது "கள்ளன்" என்ற சொல்தான். முதலாளியின் சட்டத்தரணியும் அதைத்தான் முதலில் எடுப்பார்.

இலங்கையில் அவதூறுக்காக ஒருவரைக் குற்றவாளியாக்கும் சட்டப் பிரிவு 2002இல் நீக்கப்பட்டது. அதனால் அவதூறு என்று சொல்லி ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. ஆனால் நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். நமது நாட்டில் இந்த விஷயத்தில் நடப்பது ரோம டச்சுச் சட்டம். அதன்படி நீங்கள் சொன்னது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, அதைச் சொன்னதில் பொதுநன்மை இருந்தது என்றும் காட்ட வேண்டும். சேர்விஸ் சார்ஜ் தரவில்லை என்பதற்கு இரண்டையும் காட்டிவிடலாம். மனேஜரின் குணத்துக்கு எப்படிக் காட்டுவது? போதாததற்கு, இணையத்தில் போடுகிற பொய்க் கூற்றுகளைக் கையாளவென்றே 2024 பெப்ரவரியில் இருந்து நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

வழக்கைவிடப் பெரிய ஆபத்து வேலை போவது. இதில் பலர் கவனிக்காத ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஓர் இடத்தில், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை முதலாளி நினைத்தபடி நிறுத்த முடியாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். ஆனால் ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினால் இந்த அனுமதி தேவையில்லை. சீசன் முடிந்து ஆள் குறைக்கப் பார்க்கிற முதலாளிக்கு, "கம்பனிக்கு அபகீர்த்தி ஏற்படுத்தினார்" என்று எழுதுவதற்கு ஒரு ஸ்கிரீன்ஷொட் கிடைத்துவிட்டால் அவருடைய வேலை சுலபமாகிவிடும். ஆணையாளரிடம் அனுமதி கேட்டுப் போக வேண்டியவர், விளக்கம் கோரும் கடிதம் ஒன்றை உங்கள் கையில் கொடுப்பதோடு முடித்துக்கொள்வார். 15 பேருக்குக் குறைந்த கெஸ்ட் ஹவுஸ் என்றால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

வேலை போன பிறகும் விடமாட்டார்கள். 2016 பெப்ரவரியில் அமெரிக்காவில் தாலியா ஜேன் என்ற இளம் பெண், தான் வேலை செய்த யெல்ப் என்ற இணையக் கம்பனியின் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். தருகிற சம்பளம் வாடகைக்கே போய்விடுகிறது, சாப்பாட்டுக்கு வழியில்லை என்பதுதான் விஷயம். அன்றைக்கே வேலை போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். முன்பின் தெரியாத ஆட்கள் அவருடைய இன்ஸ்டகிராமைத் தோண்டி, அவர் போட்டிருந்த சாப்பாட்டுப் படங்களை எடுத்து, "இவளுக்கா பசி?" என்று கேட்டார்கள். சம்பளம் போதுமா என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. அமெரிக்காவில் தெரியாத ஆட்கள் செய்ததை இங்கே தெரிந்தவர்களே செய்வார்கள். "சம்பளம் இல்லாதவன் போன மாசம் எப்பிடி புது பைக் எடுத்தான்?" என்று உங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் கேட்பார். பைக் லீசிங்கில் எடுத்தது என்பதை விளக்க நீங்கள் இன்னொரு பதிவு போட வேண்டிவரும்.

பெயரை மறைத்து

கொழும்பில் ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பனியில் பெயரை மறைத்து எழுதினால் ஒருவேளை தப்பலாம். திருகோணமலையில் இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் எப்படித் தப்புவது? கிச்சனின் படத்தைப் போட்டால், அந்த நேரத்தில் டியூட்டியில் யார் யார் இருந்தார்கள் என்று ரோஸ்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும். எழுத்துப் பிழையை வைத்தே ஆளைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஊரில் ஒரு வேலைத்தளத்தில் நடந்தது எனக்குத் தெரியும். பெயரில்லாத பக்கம் ஒன்றில் அழுகிய மரக்கறியின் படம் வந்தது. படம் எடுத்தவர் யார் என்று நிர்வாகம் தேடியது. அன்றைக்குக் காலையில் கிச்சனில் இருந்தவர்களில் யாருடைய போன் நல்ல போன் என்று பார்த்து, ஒரு பையனை நிறுத்தினார்கள். படம் எடுத்தது அவன் இல்லை. எடுத்தவருக்கு வாய் திறக்கவும் முடியவில்லை, திறந்தால் தன் வேலை போகும். பெயரை மறைக்கும்போது ஆபத்து இல்லாமல் போவதில்லை, பக்கத்தில் நிற்பவரின் தலையில் போய் விழுகிறது. இந்த வழியை நான் யாருக்கும் சொல்லாததற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் நம்பகத்தன்மை. பெயரில்லாத பதிவை வாசிப்பவருக்கு அதை எழுதியது அங்கே வேலை செய்தவரா, பக்கத்து ஹோட்டல்காரரா, காணித் தகராறில் இருப்பவரா என்று தெரியாது. திருகோணமலையில் மூன்றும் நடக்கக்கூடியவை. அதனால் நல்லவர்கள்கூட "இது யாரோ வேண்டுமென்று செய்கிற வேலை" என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

அதிகாரிக்கு இரகசியமாக எழுதுவது வேறு விஷயம். பெயர் அவருக்குத் தெரியும், வெளியே போகாது. ஆனால் அதிலும் பெயரை யார் கையில் கொடுக்கிறோம் என்பது முக்கியம். இந்தியாவில் நெடுஞ்சாலை அதிகார சபையில் பொறியியலாளராக இருந்த சத்யேந்திர துபே, தங்க நாற்கர வீதித் திட்டத்தில் நடந்த ஊழலைப் பற்றிப் பிரதமருக்கு எழுதினார். தன் பெயரை வெளியே விட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் பெயரோடேயே அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

வேலையை விட்ட பிறகு

இது பலருக்குப் பிடித்த வழி. வேலை போகும் பயம் இல்லை. ஆனால் வாசிப்பவரின் மனதில் உடனே ஒரு கேள்வி எழும்: உள்ளே இருந்தபோது ஏன் பேசவில்லை? விலக்கப்பட்டவர் என்றால் கேள்வியே இல்லை, "வயிற்றெரிச்சலில் பேசுகிறான்" என்று முடித்துவிடுவார்கள்.

சூசன் ஃபவுலர் என்ற பொறியியலாளர் 2016 டிசம்பரில் ஊபர் என்ற வாடகைக் கார் செயலிக் கம்பனியை விட்டு விலகினார். 2017 பெப்ரவரியில், அங்கே தனக்கு நடந்த பாலியல் தொந்தரவைப் பற்றியும், முறையிட்டபோது மனிதவளப் பிரிவு என்ன சொன்னது என்பதைப் பற்றியும் எழுதினார். அந்த வருடம் ஜூனில் கம்பனியின் தலைவர் டிராவிஸ் கலானிக் பதவி விலக வேண்டி வந்தது. விலகிய பிறகு எழுதியதை ஊர் ஏன் நம்பியது? உள்ளே இருந்தபோதே அவர் எழுத்தில் முறையிட்டிருந்தார். யாரிடம் சொன்னேன், என்ன பதில் வந்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னார். ஆட்களைத் திட்டுவதில் நேரம் செலவழிக்கவில்லை. இன்றைக்கு வாசித்தாலும் அந்த நிதானம்தான் ஆளை நம்ப வைக்கிறது.

ஆகவே விலகிய பின் பேச நினைப்பவர் விலகுவதற்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். மனேஜரிடம் வாயால் கேட்டதை வட்ஸ்அப்பிலும் ஒரு வரி கேளுங்கள்: "சேர், ஓகஸ்ட் மாதச் சேர்விஸ் சார்ஜ் எப்போது கிடைக்கும்?" மரியாதையான ஒரு வரி போதும். பதில் வந்தாலும் சாட்சி, வராவிட்டாலும் சாட்சி. சம்பளச் சிட்டைகளைப் போனில் படம் பிடித்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். ஆனால் உங்களுக்கு உரியதை மட்டும் எடுங்கள். விருந்தினர் விபரம், கம்பனியின் கணக்குப் புத்தகம் என்று எடுத்தால் நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டி வரலாம்.

விலகியதும் உடனே வாய் திறக்கவும் வேண்டாம். 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம். அதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதுவும் சேவைக் கடிதமும் கையில் வரட்டும். அடுத்த வேலைக்குப் பாசிக்குடாவுக்கோ அறுகம்பைக்கோ கட்டாருக்கோ போனாலும் அந்தக் கடிதத்தைக் கேட்பார்கள். ஹோட்டல் மனேஜர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

திணைக்களமும் சங்கமும்

"தொழில் கந்தோருக்குப் போய் என்ன நடக்கப் போகுது?" என்பதுதான் வழக்கமான பேச்சு. மெதுவாகத்தான் நடக்கும், அதை மறைக்க மாட்டேன். கடிதம் வரும், முதலாளி திகதி கேட்பார், இரண்டு தரம் வரமாட்டார். ஆனாலும் ஈபிஎஃப் விஷயத்தில் இந்த வழிக்கு நிகராக வேறொன்றும் இல்லை. உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டுகிறார்கள், முதலாளி தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும், ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் தனியாக 3 சதவீதம் கட்ட வேண்டும். இந்த மாதத்துப் பணம் அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். 8 சதவீதத்தை வெட்டிவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால், முதலாளி வைத்திருப்பது உங்கள் காசு. சம்பளச் சிட்டையில் வெட்டு இருக்கிறது, நிதிக் கணக்கில் வரவு இல்லை என்று காட்டுவதற்குப் பேச்சுத் திறமை தேவையில்லை. பெயரை முதலாளியிடம் சொல்ல வேண்டாம் என்று அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளலாம். சின்ன இடத்தில் அவர் ஊகிப்பார் என்பது வேறு கதை, அதனால் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்து வைப்பது நல்லது.

முறைப்பாடு கொடுத்ததும் ஓர் இலக்கம் கிடைக்கும். பிறகு வெளியே பேசுவதற்கு அதுதான் அடித்தளம். "இந்தத் திகதியில், இந்த இலக்கத்தில், இத்தனை பேர் முறைப்பாடு செய்தோம். இன்னும் பணம் வரவில்லை" என்று பெயரோடு எழுதினால் அதில் பொய் என்று காட்ட எதுவும் இருக்காது. திணைக்களம் தூங்கினால் அதையும் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் முறைப்பாட்டில் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். அசையாத கோவை அந்த விண்ணப்பத்தோடு மேசைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றால் ஒரு கெடுவை மனதில் வையுங்கள்: தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஃபேஸ்புக்கில் கருத்துச் சண்டை பிடித்துக்கொண்டு அந்த ஆறு மாதத்தையும் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். அதுவரை லைக் போட்டவர்கள் யாரும் அதற்குப் பிறகு உதவ முடியாது.

சங்கம் என்றால் நமது ஹோட்டல்காரர்கள் சிரிப்பார்கள். ஏழு பேர் இருந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதியலாம். வேலைத்தளத்தில் 40 சதவீதம் பேர் உறுப்பினர் என்றால் முதலாளி அந்தச் சங்கத்தை அங்கீகரித்துப் பேச மறுப்பது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தத்தின்படி குற்றம். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நிறுத்துவதும் அப்படித்தான். சங்கத்தின் பெயரில் வருகிற அறிக்கைக்கு இன்னொரு பலமும் இருக்கிறது: ஒருவருடைய கோபம் என்று தள்ளிவிட முடியாது.

அரச ஊழியர்களுக்கு

இங்கே மாகாண அலுவலகங்கள் நிறைய இருப்பதால் இதையும் தொட்டுவிடுகிறேன். அரச ஊழியருக்குத் தாபன விதிக்கோவை என்ற அரச சேவை விதிப் புத்தகம் இருக்கிறது. அனுமதியில்லாமல் ஊடகத்துக்குத் தகவல் கொடுக்க முடியாது. 2022 செப்டெம்பரில் வந்த சுற்றறிக்கை சமூக ஊடகத்துக்கும் இது பொருந்தும் என்று ஞாபகப்படுத்தியது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்ற செய்தி எப்போதும் சங்கப் பேச்சாளர் ஒருவரின் வாயால் வருவதற்குக் காரணம் இதுதான். தனியார் ஊழியருக்கு இல்லாத இரண்டு வசதி அரச ஊழியருக்கு உண்டு. நிர்வாகம் அடிப்படை உரிமையை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தகவலறியும் சட்டப்படி வெளியிடக்கூடிய தகவலை வெளியிட்டதற்காக அவரைத் தண்டிக்க முடியாது என்று அந்தச் சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. லஞ்ச விஷயம் என்றால் லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லலாம். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் கொடுப்பவருக்குப் பாதுகாப்பையும் சேர்த்திருக்கிறது.

காகிதத்தில் பாதுகாப்பு இருப்பதால் அலைச்சல் இல்லாமல் போகாது. 2021 செப்டெம்பரில் பாவனையாளர் அதிகார சபையின் நிறைவேற்றுப் பணிப்பாளராக இருந்த துஷான் குணவர்தன, அரச கடைத் தொகுதியான சதொசவில் நடந்த வெள்ளைப்பூண்டு மோசடியைப் பகிரங்கமாகச் சொன்னார். பதவியை விட்டு விலகினார், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கு வாக்குமூலம் கொடுக்கவும் போக வேண்டியிருந்தது. ஊர் அவரை நம்பியதற்குக் காரணம், எந்தப் பொருள், எந்தக் கொள்கலன், யாருக்குப் போனது என்று பெயர் சொல்லிப் பேசியது. உயர்ந்த பதவியில் இருந்தவருக்கே இவ்வளவு என்றால், கீழே இருப்பவர் சட்டத்தரணி ஒருவரைக் கேட்காமல் காலடி வைக்கக் கூடாது.

உயிர் ஆபத்து என்றால்

இங்கேதான் என் வரிசை மாறுகிறது. கெட்டுப்போன இறைச்சியை விருந்தினருக்கு வைக்கிறார்கள், நோயாளிக்குத் திகதி முடிந்த மருந்து போகிறது, காஸ் கசிகிற இடத்தில் ஆட்களை வேலைக்கு விடுகிறார்கள் என்றால் சம்பளச் சிட்டையைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது.

ஜெர்மனியில் பிரிகிட்டே ஹைனிஷ் என்ற தாதி முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தார். ஆட்கள் போதாததால் முதியவர்களைச் சரியாகப் பராமரிக்க முடியவில்லை என்று நிர்வாகத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்கவில்லை. குற்றவியல் முறைப்பாடு செய்தார். 2005இல் அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஜெர்மன் நீதிமன்றங்களில் தோற்ற பிறகு, 2011 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அந்த நீதிமன்றம் பார்த்த விஷயங்கள் நமக்கும் உதவும்: முதலில் உள்ளே சொன்னாரா, தகவல் உண்மையா, நல்ல நோக்கத்தோடு சொன்னாரா, பொதுமக்களுக்கு அது தெரிய வேண்டுமா. அந்தத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் பதிவை வாசிக்கிற எந்த நியாயமான மனிதரும் இதே நாலு கேள்வியைத்தான் கேட்பார்.

ஆபத்து விஷயத்தில் அந்த "முதலில் உள்ளே" என்பதை ஒரே நாளில் முடியுங்கள். காலையில் மனேஜருக்கு எழுத்தில் சொல்லுங்கள். மாலைக்குள் அசைவில்லை என்றால், சாப்பாடு என்றால் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பீஎச்ஐ), மருந்து என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம், வேலைத்தளப் பாதுகாப்பு என்றால் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதகரிடம் போங்கள். அவர்களும் அசையவில்லை என்றால் பெயரைப் போட்டு எழுதுங்கள், எதைக் கண்டீர்கள், எந்தத் திகதியில், யாருக்கு அறிவித்தீர்கள் என்ற மூன்றை மட்டும். வேலை போகலாம். போனாலும் அதை எழுதியவரின் பக்கத்தில் நிற்க நானும் வருவேன், நியாய சபைக்கு விண்ணப்பம் நிரப்பவும் வருவேன்.